டெனிஸ் டட்டி ஆடாத பருவம்

2025 மார்ச்சில், பருவம் தொடங்கிய சூட்டோடு அந்தச் செய்தி வந்தது. பரமட்டா ஈல்ஸ் அணியின் டிலன் பிரவுன் நியூகாசில் நைட்ஸ் கழகத்துக்குப் போகக் கையெழுத்திட்டுவிட்டார். 2026 முதல் பத்து ஆண்டுகள், ஏறக்குறைய 13 மில்லியன் டொலர் என்று பத்திரிகைகள் எழுதின. அவுஸ்திரேலிய ரக்பி லீக்கில் அதுவரை எவரும் அவ்வளவு பெரிய ஒப்பந்தத்தைக் கண்டதில்லை. பிரவுனுக்குப் பரமட்டாவோடு 2031 வரை ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. ஆனால் இடையில் தான் விரும்பினால் வெளியேறலாம் என்ற வாசகமும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்தினார். அந்தப் பருவத்தைப் பரமட்டாவின் நீலமும் பொன்னுமான சட்டையோடுதான் முடித்தார்.

அந்த வாரம் மேஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்ற இளைஞர்களிடம் வேறு கதையே இல்லை. சிட்னியின் மேற்குப் புறத்தில், வென்ட்வேர்த்வில், டூன்காபி, பெண்டில் ஹில் பக்கம் குடியேறிய எங்கள் பிள்ளைகளுக்குப் பரமட்டாதான் சொந்த அணி. இங்கே பிறந்தவர்கள், இந்த அணி ஒருமுறை கூடக் கிண்ணம் வென்றதைப் பார்க்காதவர்கள். அவர்களில் ஒரு பெடியன் என்னிடம் திரும்பினான்.

"மாமா, உங்கட காலத்தில இப்பிடி ஒருத்தன் செய்வானே? அந்தக் காலத்து ஆட்கள் விசுவாசமாத்தானே இருந்தவை?"

அவனுக்கு அந்த வரிசையில் நின்றபடி நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு நிறைய இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சிட்னிக்கு வந்தது 1986இல். பரமட்டா கடைசியாகக் கிண்ணம் வென்ற ஆண்டு அது. செப்டெம்பர் 28ஆம் திகதி இறுதி ஆட்டத்தில் கன்டபரியை 4க்கு 2 என்று வென்றார்கள். பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதிக்கும் ட்ரை இரு பக்கமும் ஒன்று கூட விழவில்லை. எல்லாப் புள்ளியும் உதையில் வந்தவை. ரே பிரைஸும் மிக் குரோனினும் அன்றோடு ஓய்வு பெற்றார்கள். விளையாட்டு எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் வேலிக்கு மேலால் எனக்குப் பாடம் எடுத்தார்.

அவர் பால்மெயினில் பிறந்து வளர்ந்தவர். இன்று பணக்காரர் குடியிருக்கும் அந்தத் துறைமுகக் குன்று, அவர் சிறுவனாக இருந்தபோது கப்பல் கட்டுபவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அவரும் நெடுங்காலம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், தீவிரமான தொழிற்சங்கக்காரர். வீடு மேற்கே மாறிய பிறகும் மனம் பால்மெயின் அணியிடமே இருந்தது. ஆனாலும் பரமட்டாவின் குரோனினைப் பற்றிப் பேசும்போது குரல் தணிந்துவிடும். குரோனின் தென்கரையில் ஜெரிங்கோங் என்ற சிற்றூர்க்காரர். அவுஸ்திரேலிய அணிக்கே ஊர்க் கழகத்திலிருந்து தெரிவானவர். 1977இல் பரமட்டாவுக்கு ஆட வந்த பிறகும் ஊரை விட்டு வரவில்லை. பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் காரோட்டி வந்து, முடிந்ததும் திரும்பக் காரோட்டி ஊருக்குப் போய், குடும்பத்தாரின் மதுச்சாலையில் வேலை பார்த்தார். பத்துப் பருவம் அப்படித்தான்.

இந்தக் கதை எனக்கு உடனே பிடித்துப்போனது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் அப்படிப்பட்டது. எந்த ஊரில் பிறந்தாயோ அந்த ஊருக்கு ஆடுவாய். பக்கத்து ஊர்ச் சட்டையைப் போட்டால் வீட்டிலே சோறு கிடைக்காது. சிட்னியிலும் ஆதியில் இருந்தது அதுவே. 1908இல் போட்டி தொடங்கியபோது, எந்தக் கழகத்தின் எல்லைக்குள் வீடோ அந்தக் கழகத்துக்குத்தான் ஒருவர் ஆட முடியும். 1959 வரை ஏதோ ஒரு வடிவில் அந்தக் குடியிருப்பு விதி நீடித்தது. நல்ல வீரன் வேண்டுமென்றால் அவனுக்குத் தங்கள் எல்லைக்குள் வீடும் வேலையும் பார்த்துக் கொடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பகலில் குப்பை வண்டியிலோ துறைமுகத்திலோ காவல்துறையிலோ வேலை, செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். மண்ணும் கழகமும் ஆளும் ஒன்றாக இருந்த காலம் என்று நான் அதைக் கேட்டு நெகிழ்ந்ததுண்டு.

நெகிழ்ச்சியின் மறுபக்கத்தையும் அவரேதான் காட்டினார். ஒரு குளிர்கால மாலை, ஏதோ ஒரு வீரர் கழகம் மாறும் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நான் பெருமூச்சு விட்டபோது, "டெனிஸ் டட்டியைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்றிரவு நெடுநேரம் சொன்னார்.

டட்டி 1960களில் பால்மெயினின் முன்கள வீரர்களில் ஒருவர். இளைஞர், நல்ல உடற்கட்டு, 1967இல் அவுஸ்திரேலியாவுக்கும் ஆடியவர். அவருக்குக் கிடைத்த பணம் மிகச் சொற்பம். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கழகத்துக்குப் போக விரும்பினார். ஆனால் குடியிருப்பு விதி போன இடத்தில் வேறொரு விதி வந்து உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும், கழகம் தன் தக்கவைப்புப் பட்டியலில் உன் பெயரைப் போட்டுவிட்டால் நீ அந்தக் கழகத்தின் ஆள். உனக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. உன்னை ஆட விடவேண்டும் என்றும் இல்லை. வேறு கழகம் உன்னை எடுக்க வேண்டுமென்றால் உன் கழகம் கேட்கும் விலையைக் கட்ட வேண்டும். விலை படியாவிட்டால் நீ எங்கும் ஆட முடியாது.

டட்டி பணியவில்லை. வழக்குப் போட்டார். 1969 பருவம் முழுவதும் வெளியே இருந்தார்.

அந்த ஆண்டுதான் பால்மெயின் கிண்ணம் வென்றது. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில், எல்லாரும் தோற்பார்கள் என்று எண்ணியிருந்த அணி, சவுத் சிட்னி என்ற பெரும் அணியை 11க்கு 2 என்று வீழ்த்தியது. பால்மெயின்காரர்கள் அடிக்கடி காயம் என்று தரையில் படுத்து ஆட்டத்தின் வேகத்தைக் குலைத்ததைப் பற்றி இன்றைக்கும் கிழவர்கள் சண்டை பிடிப்பார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் அன்று மைதானத்தில் இருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம். கூட வேலை செய்தவர்களோடு விடிய விடியக் குடித்தாராம்.

"அன்றைக்கு எங்களில் ஒருவர்கூட டட்டியைப் பற்றிப் பேசவில்லை," என்றார். "துறைமுகத்தில் ஒருவனை அநியாயமாக நிறுத்தினால் முழுத் துறைமுகத்தையும் நிறுத்துவோம். என் தகப்பனும் அதைச் செய்தவர், நானும் செய்தவன். இந்தப் பெடியன் அதே உரிமைக்காகத் தனியே நின்றபோது அவனைத் துரோகி என்றோம். அவன் எங்கள் அணிக்காரன் என்பதால்."

வழக்கு முதலில் நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றத்தில் டட்டிக்குச் சாதகமாக முடிந்தது. லீக் மேல்முறையீடு செய்தது. 1971 டிசெம்பரில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் லீக்கின் முறையீட்டைத் தள்ளி, தக்கவைப்பு விதி ஒருவரின் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் கால்பந்து வீரர் ஜோர்ஜ் ஈஸ்டம் 1963இல் நியூகாசில் யுனைட்டெட் கழகத்துக்கு எதிராகப் பெற்ற தீர்ப்பு அதற்கு முன்னோடி. இன்று அவுஸ்திரேலியாவில் எந்த விளையாட்டில் யார் ஒப்பந்தம் முடிந்து கழகம் மாறினாலும் அந்த இருவர் திறந்த கதவால்தான் போகிறார். டட்டிக்குக் கிடைக்காமல் போன 1969 கிண்ணத்தை எந்த நீதிமன்றத்தாலும் கொடுக்க முடியவில்லை.

கோயில் வரிசையில் கேட்ட பெடியனுக்கு என் முதல் பதில் இதுதான். அந்தக் காலத்து வீரர்கள் ஒரே கழகத்தில் கிடந்தார்கள் என்றால், அவர்களில் சிலர் குரோனினைப் போல மனம் விரும்பிக் கிடந்தார்கள். பலருக்குப் போக வழி இருக்கவில்லை. மைதான விளிம்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கதவு திறந்ததால் யாருக்கு இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். சவுத் சிட்னி ரெட்ஃபேர்ன் தொழிலாளர் கழகம். 1967, 68, 70, 71 என்று கிண்ணத்தை அடுக்கி வைத்திருந்தது. தீர்ப்பு வந்து ஒரு பருவம் திரும்புவதற்குள் ஜோன் ஓ'நீலும் ரே பிரானிகனும் மான்லிக்குப் போனார்கள், ரோன் கூட் ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்குப் போனார். 1972இல் மான்லி தன் முதல் கிண்ணத்தை வென்றது, 1973இல் மறுபடியும். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 1974, 75. சவுத் சிட்னி அடுத்த கிண்ணத்தைத் தொட 2014 வரை காத்திருந்தது. காசுள்ள கழகம் வாங்கும், இல்லாத கழகம் வளர்த்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும். 1908இலிருந்தே இருந்த நியூடவுன் கழகம் கடனில் மூழ்கி 1983ஓடு முதல்தரப் போட்டியை விட்டு வெளியேறியது. பால்மெயினும் பின்னால் வெஸ்டர்ன் சபர்ப்ஸோடு இணைந்துதான் பிழைத்தது. ஓர் உரிமை வெல்லப்படும்போது அதன் செலவை ஏழை ஊர்கள் கட்ட நேர்ந்தது உண்மை. அதற்காக அந்த உரிமையைத் திருப்பிப் பறிப்பது நியாயமாகாது என்பதே என் தீர்மானம். இதில் என் பக்கத்து வீட்டுக்காரர் கடைசி வரை பாதி மனதோடுதான் இருந்தார்.

லீக்கும் பாதி மனதோடுதான் இருந்தது. 1990இல் சம்பள வரம்பு கொண்டுவந்தார்கள். ஒரு கழகம் தன் வீரர்கள் எல்லாருக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதை நான் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். அடுத்த ஆண்டே ஒப்பந்தம் முடிந்த வீரர்களைக் கழகங்கள் முறை வைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். கடைசி இடத்தில் முடித்த கழகத்துக்கு முதல் தெரிவு. வீரனின் விருப்பத்துக்கு அதில் பெரிய இடமில்லை. வெஸ்டர்ன் சபர்ப்ஸுக்குப் போக விரும்பிய டெரி ஹில் என்ற இளைஞரை ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் எடுத்துக்கொண்டது. இம்முறை வீரர்கள் ஒருவரைத் தனியே விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். அதே 1991இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு டிராஃப்டை அடித்துப் போட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து, "இந்த முறை துறைமுகம் நின்றது," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பிறகு 1995.

ஏப்ரல் முதலாம் திகதிக்கு முந்தைய இரவும் அதற்குப் பிந்தைய சில வாரங்களும் இந்த விளையாட்டைப் புரட்டிப் போட்டன. ரூபர்ட் மேர்டொக்கின் நிறுவனம் கட்டணத் தொலைக்காட்சிக்காக சூப்பர் லீக் என்று ஒரு போட்டியைத் தொடங்கி, இரவோடு இரவாக வீரர்களைக் கையெழுத்திட வைத்தது. மறுபக்கம் கெரி பக்கரின் பக்கபலத்தோடு நின்ற பழைய லீக்கும் பணத்தை அள்ளி வீசியது. விடுதி அறைகளுக்கு வீரர்களைக் கூப்பிட்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல் காகிதத்தை நீட்டினார்கள். முந்தைய நாள் வரை நல்ல ஆட்டக்காரனுக்குக் கூடக் கிடைக்காத தொகை, சாதாரண வீரனுக்கு முன்பணமாகவே கிடைத்தது.

எங்கள் பரமட்டா பழைய லீக்கின் பக்கம் நின்றது. அதனால் ஒரு கதை நேரே எங்கள் வாசலுக்கு வந்தது. கன்டபரி சூப்பர் லீக் பக்கம். அதன் வீரர்கள் நால்வர், டீன் பே, ஜிம் டைமொக், ஜரொட் மக்ராக்கன், ஜேசன் ஸ்மித், அந்தப் பக்கம் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறிப் பழைய லீக்கோடும் பரமட்டாவோடும் ஒப்பந்தம் செய்தார்கள். வழக்கு, வாதம், நாளேடுகளில் வசவு. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் இன்னும் கன்டபரி வீரர்கள்தான். அந்தச் செப்டெம்பர் இறுதி ஆட்டத்தில் கன்டபரி மான்லியை 17க்கு 4 என்று வென்றது. பே, டைமொக், ஸ்மித் மூவரும் களத்தில் இருந்தார்கள். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சேர்ச்சில் பதக்கம், அடுத்த ஆண்டு எங்களிடம் வரவிருந்த டைமொக்குக்குக் கிடைத்தது. போகப் போகிறவன் முழு மனதோடு ஆடமாட்டான் என்று இன்றைக்கு யாராவது சொன்னால் அந்த ஆட்டத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வேன். தன் தொழிலில் மானமுள்ளவன் கடைசி நாள் வரை வேலையைச் சுத்தமாகத்தான் செய்வான்.

1997இல் போட்டி இரண்டாகப் பிரிந்து நடந்தது. 1998இல் இரண்டும் சேர்ந்து இன்றைய என்.ஆர்.எல். ஆனது. வீரர்கள் பணக்காரரானார்கள், மனேஜர் என்று சொல்லப்படும் முகவர்கள் நிரந்தரமாக நடுவில் வந்து அமர்ந்தார்கள். கழகச் செயலாளர் வீட்டுக்கே வந்து தாயோடு தேநீர் குடித்து ஆளெடுத்த காலம் அதோடு முடிந்தது.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிக வலித்த பகுதி. நான் கணக்காளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்குப் புத்தகம் பொய் சொல்வதை என்னால் பொறுக்க முடியாது. சம்பள வரம்பு ஏழைக் கழகத்தைக் காக்க வந்த விதி. அதைக் கழகங்களே உள்ளிருந்து அரித்தன. 2002இல் கன்டபரி பட்டியலின் உச்சியில் இருந்தபோது வரம்பை மீறியது வெளிப்பட்டு 37 புள்ளிகளை இழந்து அடிமட்டத்துக்குப் போனது. 2010 ஏப்ரலில் மெல்பேர்ன் ஸ்டோர்ம் கழகம் இரண்டு கணக்கு வைத்திருந்தது அம்பலமானது. லீக்குக்குக் காட்ட ஒன்று, வீரர்களுக்கு உண்மையில் கொடுத்தது இன்னொன்று. 2007, 2009 கிண்ணங்கள் பறிக்கப்பட்டன. அந்த 2009 இறுதி ஆட்டத்தில் ஸ்டோர்மிடம் தோற்றது யார் என்று நினைக்கிறீர்கள்? பரமட்டாதான். அன்று இரவு எங்கள் வீட்டில் பிள்ளைகள் அழுதுகொண்டு படுத்தார்கள். பறித்த கிண்ணத்தை எங்களுக்குத் தரவுமில்லை. அந்த ஆண்டுக்கு வெற்றியாளரே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஏமாற்றப்பட்டவர்கள் நாங்கள் என்ற ஆறுதலாவது மிஞ்சியிருந்தது. 2016இல் அதையும் இழந்தோம். பரமட்டா தானே பல ஆண்டுகளாக வரம்பை மீறி வந்தது நிரூபணமானது. வெளி நிறுவனங்கள் வீரர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லும் விளம்பரப் பணத்தைக் கழகமே பின்னால் நின்று ஏற்பாடு செய்திருந்தது. 12 புள்ளி போனது, ஒரு மில்லியன் டொலர் அபராதம், நிர்வாகிகள் ஐந்து பேரின் பதிவு நீக்கம். அந்தப் புள்ளிகள் இருந்திருந்தால் அணி அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். விசாரணை முடிவை நான் வரி வரியாக வாசித்தேன். பற்றுச்சீட்டு ஒன்று எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தே எழுதியவர்களின் வேலை அது. ஒரு வீரன் கழகம் மாறினால் துரோகி என்று கத்துகிற நாம், ஆயிரக்கணக்கான ஆதரவாளர்களின் நம்பிக்கையைக் கணக்கில் விற்றவர்களின் பெயரைக் கூட நினைவில் வைத்திருப்பதில்லை. என் கோபம் எப்போதும் அந்தக் கணக்கு மேசைக்குத்தான் போகிறது.

இன்றைய நடைமுறையில் எனக்கு ஒப்பாத ஒன்று உண்டு. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் வீரர், நவம்பர் முதலாம் திகதியிலிருந்து வேறு கழகங்களோடு பேசலாம். ஒப்பந்தம் முடிவதோ அடுத்த ஒக்டோபரில். ஆக, ஒரு பருவம் தொடங்குமுன்பே அவர் அடுத்த கழகத்துக்குக் கையெழுத்திட்டு, பிறகு அந்தப் பருவம் முழுவதும் பழைய கழகத்துக்கு ஆட வேண்டியிருக்கிறது, சில வேளை புதிய கழகத்துக்கு எதிராகவே. 2015இல் மான்லியின் டேலி செரி-எவன்ஸ் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸுக்குக் கையெழுத்திட்டு, சில மாதத்தில் மனம் மாறி மான்லியிலேயே நீண்ட ஒப்பந்தத்தோடு தங்கினார். அப்போதைய விதி அதற்கு இடம் கொடுத்தது. டைட்டன்ஸ் ஆதரவாளர்களின் மாதக்கணக்கான எதிர்பார்ப்பு ஒரு நாளில் போயிற்று. கால்பந்தில் இருப்பது போலப் பேச்சுவார்த்தைக்கு ஒரு குறித்த காலம், பருவம் முடிந்த பிறகு, வைத்தால் வீரருக்கும் மரியாதை, பார்க்க வருபவருக்கும் மரியாதை. வீரர் சங்கம் இதை முழுமனதோடு ஏற்கவில்லை. கடைசி நிமிடத்தில் வேலையில்லாமல் நிற்கும் சிறு வீரர்களைப் பற்றி அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு கழகத்தின் முதன்மை அணியில் இருப்பது 30 பேர். 13 மில்லியன் பேசப்படுவது அவர்களில் ஒருவருக்கு. அடியில் இருக்கும் பத்துப் பேருக்கு அடுத்த ஆண்டு வாடகை எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

2025 ஒக்டோபரில் வந்த அறிவிப்பு என்னைத் திடுக்கிட வைத்தது. ஆர்360 என்ற புதிய ரக்பி யூனியன் போட்டி லீக் வீரர்களுக்கு ஆசை காட்டியபோது, அப்படிப்பட்ட அங்கீகாரமில்லாத போட்டிக்குக் கையெழுத்திடுபவருக்கும் துணைபோகும் முகவருக்கும் பத்து ஆண்டுத் தடை என்று லீக்கை நடத்தும் ஆணையம் அறிவித்தது. இந்த விளையாட்டின் பிறப்பையே நினைத்துப் பாருங்கள். 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், வேலைக்குப் போகாமல் ஆடிய நாளின் கூலியைத் தொழிலாளிக்குக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில்தான் லீக் யூனியனிலிருந்து பிரிந்தது. நூறு ஆண்டு யூனியன் பழி வாங்கியது. லீக்கில் ஒருமுறை ஆடியவனுக்கு யூனியன் வாழ்நாள் முழுக்கக் கதவடைத்தது. அதற்குப் பயந்து, பரீட்சார்த்தமாக ஆட வந்த வேல்ஸ் இளைஞர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். பின்னாளில் பிரித்தானிய அணியின் தலைவராகி 1972 உலகக் கிண்ணத்தை வென்ற கிளைவ் சலிவன், 1961இல் ஹல் கழகத்துக்கு முதல் ஆட்டம் ஆடியபோது அறிக்கையில் அவர் பெயரே இல்லை. கறுப்பினத்தவர் என்பதால் வேல்ஸ் யூனியன் அணி எட்டாக்கனியாக இருந்த பில்லி பொஸ்டனை 1953இல் தேடி வந்த விகன் கழகத்தார், கார்டிஃபில் அவருடைய தாயின் வீட்டில் உட்கார்ந்து 3,000 பவுணுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தொகையைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்று எண்ணித்தான் தாய் அதைக் கேட்டாராம். விகனுக்காக 478 ட்ரை போட்ட அவர், 2025இல் தன் தொண்ணூறாவது வயதில் 'சேர்' பட்டம் பெற்றார். கதவடைக்கப்பட்டவர்களால் வளர்ந்த ஒரு விளையாட்டு, அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்த அதே ஆண்டில் தானே கதவடைக்கப் பார்த்தது. டட்டியின் தீர்ப்பு இன்னும் செல்லுபடியானதுதான். யாராவது ஒருவர் மறுபடி நீதிமன்றம் ஏற நேர்ந்தால், அவரைத் தனியே விடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் இவற்றையெல்லாம் பார்க்க இல்லை. அவர் வீட்டில் இப்போது தொங்கா நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. இன்று என்.ஆர்.எல். ஆடுபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பசிபிக் தீவு வழி வந்தவர்கள், அவர்களில் பலர் எங்கள் மேற்குப் புறத்தின் பிள்ளைகள். அந்த வீட்டு மூத்த மகனும் ஆடுகிறான். வயது பதினாறு. பாடசாலை ஆட்டங்களில் கழகத்து ஆட்கள் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கழகம் வீட்டுக்கே வந்துவிட்டது. தாய் ஒப்பந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வந்தார். நான் கணக்காளன் என்று அவருக்குத் தெரியும்.

பக்கங்கள் அதிகமில்லை. இரண்டு ஆண்டு, பயிற்சிச் செலவு, காலணி, பாடசாலைக்கு ஓர் உதவித்தொகை, கையில் ஒரு சிறு தொகை. மனேஜர் என்று ஒருவர் ஏற்கெனவே தொலைபேசியில் தாயை நெருக்கிக்கொண்டிருந்தார். வார முடிவுக்குள் கையெழுத்திடாவிட்டால் வாய்ப்பு வேறொரு பையனுக்குப் போய்விடும் என்று. நான் படம் எடுத்துச் சட்டத்தரணியான என் மகளுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அழைத்தாள்.

"அப்பா, நாலாம் பக்கத்தைப் பாருங்கோ. மூண்டாவது வருசத்துக்கு நீட்டுறது கழகத்தின்ர இஷ்டம் எண்டு கிடக்கு. பெடியன்ர சம்மதம் கேக்கத் தேவையில்லை. அந்த வருசம் அவன் வேற ஒருத்தருக்கும் விளையாடவும் ஏலாது."

"கழகம் அவனை விளையாட விடாட்டி?"

"விடாட்டியும் ஏலாது."

ஐம்பது ஆண்டுக்கு முன்னால் உயர் நீதிமன்றம் அடித்துப் போட்ட பட்டியல், ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தாயிடம் அதை விளக்கினேன். டட்டியின் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மகனுக்கு முழங்கால் உடைந்தால் யார் பார்ப்பது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. எனக்கும் மகளுக்கும் தோன்றாத கேள்வி அது.

மூவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். நீட்டிப்புக்கு இரு பக்கச் சம்மதமும் வேண்டும், காயத்துக்கான மருத்துவச் செலவும் அந்தக் காலத்துக்கான தொகையும் எழுத்தில் வேண்டும், பரீட்சை நாட்களில் பயிற்சிக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. மனேஜர் கோபத்தோடு அழைத்து, இப்படியெல்லாம் கேட்டால் பையனின் பெயர் கெட்டுவிடும் என்றார். தாய் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

கழகம் பதில் அனுப்பியிருக்கிறது. மூன்றாவது ஆண்டுக்குப் பையனின் சம்மதம் வேண்டும் என்று திருத்திவிட்டார்கள். பரீட்சை பற்றியும் இணங்கிவிட்டார்கள். காயம் பற்றிய வாசகம் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது. தாய் கையெழுத்திடவில்லை. வரும் செவ்வாய் மாலை கழகத்து ஆள் மறுபடி வருகிறார். மகளையும் வேலை முடிந்து நேரே வரச் சொல்லியிருக்கிறேன்.